முதுகுக்குத் தெரிந்த டாப் மாடல்

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து லிஃப்டில் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவரை டாக்டர், நர்ஸ், அழுக்குத்துணி மூட்டை தள்ளுகிறவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும் சொந்தபந்தங்கள் என்று எல்லோருமே லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற லிஃப்ட் அது. பழசு. எந்த மாடியில் நின்றாலும் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் நிற்கும். புதிதாக ஏறியவர்கள் தடுமாறிச் சுவரைப் பிடிப்பார்கள். லிஃப்ட்காரர் மட்டும் நட்டு வைத்த கம்பம் மாதிரி இருப்பார். நிற்கப் போகிறது என்பது அவருடைய உள்ளங்காலுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு மூச்சுக்கு முன்னால் குதிகாலை ஊன்றி, உடம்பை ஸ்டூலிலிருந்து லேசாகத் தூக்கிக்கொள்வார். குலுக்கு வரும், போகும், அவர்மேல் படாது. இதை எப்போது கற்றுக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கண் இமைக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இப்படி மேலும் கீழுமாகவே காலத்தை ஓட்டிய மனுஷனுக்குக் கடவுள் ஒரே ஒரு ஆசையைக் கொடுத்திருந்தார். முன்னால் போக வேண்டும். அதுவும் சர்ரென்று போக வேண்டும்.

எலும்பு டாக்டர் ஒருவர் அங்கே ஒரு ஸ்போர்ட்ஸ் செடானில் வருவார். பார்க்கிறதுக்கு நாலு கதவு, பின்சீட்டு, டிக்கி என்று சாதுவான குடும்பக் கார்தான். கிளப்பினால் மட்டும் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வரும். அந்த உறுமல் கேட்டால் லிஃப்ட்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். "அண்ணே, மேல போகணும்ணே, பேஷன்ட் காத்துக்கிட்டிருக்கார்" என்று நர்ஸ் உலுக்கினால்தான் நினைவு திரும்பும்.

வீட்டில் அவருடைய மனைவி தையல்காரி. மெஷினுக்கு முன்னால் குனிந்து குனிந்தே முதுகு போய்விட்டது. பஸ்ஸில் நிற்க முடியாது, ஸ்கூட்டரில் உட்காரக் கூடாது. மருந்துக்கும் பயிற்சிக்கும் ஓயாமல் போய்வர வேண்டியிருந்தது. இனி ஒரு கார் இல்லாமல் முடியாது என்று ஆனபோது, லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் ஆசையைச் சொன்னார்.

"இந்த வயசுல ஸ்போர்ட்ஸ் காரா?" என்றாள் அவள், வாயில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு. "ரோட்டுல போற பசங்க சீட்டி அடிப்பானுங்க."

"அடிக்கட்டுமே. நான் கண்ணாடிய ஏத்திக்கிறேன்."

"எனக்கு ஒண்ணுதாங்க. ஏறி உக்காந்தா என் முதுகு என்னைத் திட்டக் கூடாது. அப்படி ஒரு வண்டின்னா தாராளமா கொண்டாங்க. இல்லன்னா உங்க உறுமலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சத்தியமா உன் முதுகு நோகாது."

"சத்தியம் பண்ண வேணாம். நான் உக்காந்து பாத்தப்புறம் வாங்குங்க, அது போதும்."

புது வண்டி கனவிலும் வாங்க முடியாது. பழசுதான். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

அந்தக் காரில் மூன்று தினுசு உண்டு. பேஸ், மிட், டாப் என்பார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி உடம்பு மூன்றுக்கும் ஒன்றுதான். பேஸ் மாடலில் எஞ்சின் சின்னது, உறுமாது, முனகும். மிட் மாடலில் எஞ்சின் பெரியது. ஆனால் ஸ்பிரிங் எல்லாம் இரும்புக் கட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். வளைவில் வேகமாகத் திரும்புகிறவர்களுக்காக அப்படி வைத்திருக்கிறார்களாம். டாப் மாடலில்தான் கியருக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் அந்த விறைப்பு இளகி வண்டி மெத்தென்று போகும். ஆக, தன் ஆசையும் மனைவியின் முதுகும் ஒன்றாக உட்கார வேண்டுமென்றால் டாப் மாடல் ஒன்றுதான் வழி.

இதையெல்லாம் அவருக்கு விளக்கியது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. சொந்தமாக சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் செல்போனில் படித்துப் படித்து உலகத்துக் கார்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்வார்.

"ரொம்ப ஈசி மாமா. பின்னாடி டிக்கியில வெள்ளி எழுத்து இருக்கும், அடியில சிவப்புக் கோடு. அது இருந்தா டாப். புகைக்குழாய் ரெண்டு இருக்கணும். ஸ்டியரிங்ல சிவப்பு நூல் தையல் இருக்கணும். கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

கண்ணைத் திறந்துகொண்டு போனபோதே வாங்க முடியவில்லை. முதலில் பார்த்த வண்டியில் எழுத்து இருந்தது, புகைக்குழாயும் இரண்டு இருந்தது. லிஃப்ட்காரர் குனிந்து ஒரு குழாய்க்குள் விரலை விட்டார். குழாய் கையோடு வந்துவிட்டது. சும்மா ஒட்டி வைத்திருந்த தகரம். அடுத்ததில் ஸ்டியரிங்கில் சிவப்புத் தையல் கனகச்சிதமாக இருந்தது. தொட்டதும் உறை கழன்று திரும்பியது. இன்னொருவர் வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு வலது பக்கம் டாப் மாடல் சக்கரம், இடது பக்கம் வேறு ஏதோ சக்கரம்.

"ஏங்க இப்படி?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"ஒரு நேரத்துல ஒரு பக்கம்தானே சார் பாக்குறோம்" என்றார் அந்த வீட்டுக்காரர், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

லீவு நாளெல்லாம் இதிலேயே போனது. வீட்டுக்கு வந்தால் செருப்பை உதறுகிற சத்தத்திலேயே மனைவிக்கு விஷயம் தெரிந்துவிடும். "இன்னிக்கு எந்தப் பார்ட்டு கையோட வந்துச்சு?" என்பாள். அவர் நேராகப் போய் முகம் கழுவுவார்.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு பழைய கார் யார்டுக்கு மச்சான் கூட்டிப்போனார். அதன் சொந்தக்காரருக்கு லிஃப்ட்காரர் பார்த்தவுடனேயே மனசுக்குள் பளபளப்பு என்று பேர் வைத்துவிட்டார். சட்டை, செருப்பு, தலைமுடி, அங்கே நின்ற கார்கள் எல்லாமே மினுங்கின. யார்டின் கோடியில் மட்டும் தூசி படிந்த ஒரு வண்டி, மூளியாக, எழுத்து எதுவும் இல்லாமல், சாதா இரும்புச் சக்கரத்தோடு கிடந்தது.

"அது என்ன?"

"அதுவா? எக்ஸ்சேஞ்சுல வந்து மாட்டிக்கிச்சு அண்ணே. பேஸ் மாடல். பேட்டரியும் செத்துடுச்சு. உங்களுக்கு எதுக்கு அது? இப்படி வாங்க."

இப்படிப் போனால் அங்கே நின்றது அவருடைய கனவு. அடர்நீலம். டிக்கியில் சிவப்புக் கோட்டோடு வெள்ளி எழுத்து. நகத்தால் சுரண்டினார், அசையவில்லை. குழாயை ஆட்டினார், உறுதியாக இருந்தது. கியர் பக்கத்தில் பட்டன் இருந்தது. அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"கதவுத் தூண்ல கம்பெனி ஸ்டிக்கர் இருக்குமே, அது எங்கே?" என்று மச்சான் கேட்டார்.

"பெயின்ட் அடிச்சப்போ போயிடுச்சு தம்பி. நீங்க ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

ஓட்டிப் பார்த்தார். யார்டு வாசலிலேயே முரட்டு வேகத்தடை ஒன்று இருந்தது. அதன்மேல் ஏற்றி இறக்கினார். குலுங்கவே இல்லை. பள்ளம் விழுந்த தெருவில் விட்டார். பஞ்சு மாதிரி இருந்தது. பக்கத்தில் மச்சான் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார். அதை அவர் பொருட்படுத்தவில்லை. மச்சான் உயரம், இடிக்கத்தான் செய்யும்.

திரும்பி வந்தபோது வேறு ஒருவர் அந்த வண்டிக்காகவே வந்த மாதிரி வாசலில் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பளபளப்பு காதோடு சொன்னார்: "அவரும் இதைத்தான் கேக்குறார் அண்ணே. நீங்க வீட்ல கேட்டுட்டு வாங்க, பரவால்ல. இருந்தா உங்களுக்குத்தான்."

அந்த "இருந்தா" அவரை உலுக்கிவிட்டது. மனைவி உட்கார்ந்து பார்க்காமலே வாங்கிவிட்டார்.

வீட்டு வாசலில் உறுமல் கேட்டு மனைவி வந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, அடுத்த நொடி ஒரு கேள்வி வந்தது. "நான் பாக்காமலேயா?" என்றாள். "ஏறு, ஏறு, ஏறிப் பாத்துட்டுத் திட்டு" என்று கதவைத் திறந்துவிட்டார்.

தெருமுனை தாண்டவில்லை. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. பிரார்த்தனை பண்ணுகிறாள் என்று புரிந்தது. வலி தாங்க முடியாதபோதுதான் அவள் அப்படிப் பண்ணுவாள்.

"பட்டனை அழுத்தியிருக்கேனே! லைட் எரியுதே!"

"லைட் எரியுது. எனக்கு முதுகும் எரியுது."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. மெத்துனுதானே போகுது?"

அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வலியோடு அவர் பக்கம் திரும்பினாள். "மேடு வரும்போதெல்லாம் நீங்க சீட்ட விட்டு எழும்புறீங்க. குதிகால ஊனிக்கிட்டு, உங்க லிஃப்ட்டுல பண்ற மாதிரியே. உங்களுக்கு எப்படிங்க குலுக்கு தெரியும்? நான் எங்கே எழும்புறது?"

லிஃப்ட்காரர் தன் காலைக் குனிந்து பார்த்தார். குதிகால் ஊன்றித்தான் இருந்தது. மச்சான் கூரையில் இடித்தது ஞாபகம் வந்தது. தன்மேலேயே வந்த எரிச்சலில் ஹாரனை ஓங்கி அடித்தார். முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் கியர் பக்கத்து மூடியைக் கழற்றி, பட்டனோடு வந்த வயரை இழுத்தார். வயர் விளக்குக்குப் போய் அதோடு நின்றுவிட்டது. "மிட் மாடல்ங்க. பட்டன் மட்டும் வேற வண்டியோடது. விளக்கு எரியணும்னு மெனக்கெட்டிருக்கான், பாவம்" என்றார்.

"யார் பாவம்?" என்று கேட்டுவிட்டு லிஃப்ட்காரர் வண்டியை யார்டுக்கு விட்டார். மனைவியும் கூட வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "தனியா போனா இன்னொரு வண்டி வாங்கிட்டு வருவீங்க" என்று சொல்லிவிட்டாள். மேடு வந்தபோதெல்லாம் அவர் இறங்கித் தள்ளாத குறையாக ஊர்ந்து ஓட்டினார்.

பளபளப்பு அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பட்டன் இருக்குதா?"

"இருக்கு."

"எரியுதா?"

"எரியுது."

"அப்புறம் என்ன அண்ணே?"

"அது வேலை செய்யலையேய்யா!"

"பழைய வண்டி அண்ணே. பழசுல எல்லாம் வேலை செய்யணும்னா எப்படி? வாங்கும்போது பாத்து, ஓட்டி, மெத்துனு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஓட்டிவிட்டு வந்து அப்படிச் சொன்னவர் லிஃப்ட்காரர்தானே. இருந்தாலும் விடவில்லை, திரும்பத் திரும்ப அதையே பேசினார். பளபளப்பும் திரும்பத் திரும்ப அதையே பேசினார். வெயில் ஏறியது.

நிற்க முடியாமல் மனைவி சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே இருந்தது முதுகு இல்லாத ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கோடியில் தூசி வண்டிக்குக் கதவு திறந்திருந்தது. போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட்டின் பக்கவாட்டில் வைத்தாள். ஒரு திருகு தட்டுப்பட்டது. தையல் மெஷினில் நூலை இறுக்குகிற திருகு மாதிரி இருக்கவே, சும்மா இருக்க மாட்டாமல் திருகினாள். இடுப்புக்குப் பின்னால் சீட்டு மெல்லப் புடைத்து, வலிக்கிற இடத்தில் ஒரு உள்ளங்கையை வைத்த மாதிரி வந்து தாங்கியது.

"என்னங்க! இங்க வாங்களேன்!" என்று அவள் கத்தினாள். "இதுல இடுப்பைத் தாங்குது! நம்ம வண்டியில இது இல்லையே!"

லிஃப்ட்காரர் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். கியர் பக்கத்தில் யாரோ கிழிசல் துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். எடுத்தார். கீழே பட்டன். கதவுத் தூணில் துடைத்துப் பார்த்தால் கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மச்சானுக்குப் போன் போட்டு அதில் இருந்த எழுத்தைப் படித்தார். அந்தப் பக்கம் மச்சான் பாட்டுப் பாடாத குறைதான். "மாமா! டாப் மாமா! ஒரிஜினல் டாப்! யாரோ எழுத்தைப் பேத்துட்டு, சக்கரத்தை வித்துட்டுப் போயிருக்கான். வெளிய காட்டிக்காதீங்க, அமுக்கமா விலை பேசுங்க!"

அமுக்கமாகப் பேச இனி என்ன இருக்கிறது? போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பளபளப்பு பக்கத்திலேயே நின்றார். அவர் கண்ணும் இப்போது மினுங்கியது.

"அதான் அண்ணே, நான் அப்பவே நினைச்சேன்" என்றார் பளபளப்பு. "இது சாதாரண வண்டி இல்லன்னு."

"பேஸ் மாடல்னு சொன்னியேய்யா!"

"சொன்னேன். நினைச்சது வேற."

வேறு பேட்டரி போட்டு வண்டியைக் கிளப்பினார்கள். பட்டனை அழுத்திவிட்டு, வாசல் வேகத்தடையில் லிஃப்ட்காரர் இந்த முறை வம்படியாகக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி தன் காலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஏறியது, இறங்கியது. மனைவி கைப்பிடியைத் தேடவில்லை. "இன்னொரு தடவை போங்க" என்றாள். போனார். "இதுதாங்க" என்றாள்.

பளபளப்பு ஒரு ஏற்பாடு சொன்னார். நீலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம், மேற்கொண்டு கொஞ்சம் கொடுத்தால் போதும். நீலம் பளிச்சென்று இருக்கிறது, எழுத்து இருக்கிறது, பட்டன் எரிகிறது, நாளைக்கே போய்விடும்.

லிஃப்ட்காரர் சரி என்று தலையாட்டப் போனார். மனைவி கையைப் பிடித்தாள்.

"நாளைக்கே போயிடும்னா, யாருகிட்ட?"

"யாராவது வருவாங்க அக்கா. டாப் மாடல் கேட்டு."

"அவங்க வீட்டுலயும் யாருக்காவது முதுகு இருக்குமே."

"என்னக்கா இது? எல்லாருக்கும்தான் முதுகு இருக்கு!"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள்.

லிஃப்ட்காரருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "கடவுளே, முடியப்போற நேரத்துல ஏம்மா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கடவுளைக் கூப்பிட்டுட்டீங்க இல்ல? அப்போ அவர் பாத்துக்கிட்டுதான் இருப்பார். அந்த எழுத்தை எடுத்துட்டுக் குடுங்க."

"எழுத்து போனா வண்டி போகாது அக்கா!" என்றார் பளபளப்பு.

"இன்னும் கையெழுத்து மாறலை தம்பி. இப்போதைக்கு இது எங்க வண்டி."

அவள் கைப்பையிலிருந்து கெட்டி நூலை எடுத்தாள். ஜீன்ஸ் தைக்கிற நூல். இரண்டு புரியாகச் சேர்த்து, வெயிலில் சுட்டுக்கிடந்த டிக்கியில் எழுத்துக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் மாதிரி இழுத்தாள். ஒட்டுப்பசை இளகி எழுத்து அவள் கையில் விழுந்தது. அவருக்குக் கோபம் போகவில்லைதான். போனாலும் போகாவிட்டாலும், அவள் குனியக் கூடாது என்று மிச்ச எழுத்தை அவரே அறுத்தார். பட்டனையும் பிடுங்கி அவளிடம் கொடுத்தார்.

பளபளப்பு மேற்கொண்டு கேட்ட தொகை அந்த நிமிஷமே வளர்ந்துவிட்டது. லிஃப்ட்காரர் பேசிப் பார்த்தார், குறையவில்லை. சரி என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கார் வந்ததும் வேலையை விட்டுவிட்டுப் பகல் முழுக்க முன்னால் போகலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்த மனுஷன், இன்னும் கொஞ்ச காலம் ஸ்டூலிலேயே உட்கார்ந்து மேலும் கீழும் போக வேண்டியதாகிவிட்டது.

அது போகட்டும். ஆஸ்பத்திரி வாசலில் அவர் காரை நிறுத்தியபோது வாட்ச்மேன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இரும்புச் சக்கரம். மூளி டிக்கி.

"ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன்னீங்களே அண்ணே, கிடைக்கலையா?"

"இதுதான்யா அது. டாப் மாடல்!"

"ஆமாமா" என்றார் வாட்ச்மேன், நோயாளியைச் சமாதானப்படுத்துகிற குரலில். "நமக்கு இது போதும் அண்ணே."

நர்சும் அதையேதான் சொன்னாள். எலும்பு டாக்டர் பக்கத்திலேயே தன் காரை நிறுத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். லிஃப்ட்காரருக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அந்த வெள்ளி எழுத்துகள் அவர் சட்டைப்பையில்தான் இருந்தன. பொய் வண்டியில் இருந்தபோது உடும்பாய்ப் பிடித்துக்கொண்டிருந்தவை, இந்த உண்மையான வண்டியில் எத்தனை அழுத்தினாலும் ஒட்டவில்லை. பசை போய்விட்டிருந்தது. புதுப் பசை வாங்கி ஒட்டினார், அடுத்த மழையில் ஒன்று விழுந்துவிட்டது. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மிச்சத்தையும் பிய்த்து டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினார்.

அன்று மனைவியைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் வாட்ச்மேனைத் திட்டினார், எலும்பு டாக்டரைத் திட்டினார், மழையைத் திட்டினார். ரோடு வேலை நடக்கிற இடம் வந்தது. குண்டும் குழியும். பட்டனை அழுத்திவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கண் மூடியிருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தார். "என்னம்மா, வலிக்குதா? இதுலயுமா?"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன், பாதியில நிறுத்திட்டீங்களே" என்றாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."